ஏழு செண்டு அருகம்புல்

டாலஸுக்கு வடக்கே வீடு வாங்கியிருக்கிற, வாங்கப் போற மக்களுக்காக இதை எழுதறேன். மத்தவங்களும் படிக்கலாம், காசா பணமா. :-)

இந்தப் பக்கம் புது வீடு கட்டி விக்கிறவங்க வாசல்ல விரிச்சுக் கொடுக்கிற புல்லுக்குப் பேரு பெர்முடா. பேரைக் கேட்டா ஏதோ தீவுல இருந்து கப்பல்ல வந்த சீமைச் சரக்கு மாதிரி இருக்கும். தாவரவியல்ல அது சைனோடான் டாக்டிலான். அதாவது நம்ம அருகம்புல். பிள்ளையாருக்கு வைக்கிற அதே புல்லேதான். லானுக்குன்னு விக்கிற ரகங்கள் பலதும் கலப்பு. எங்க வீட்டுல போட்டது டிஃப்வே 419. அருகையும் ஆப்பிரிக்காவுல இருக்கிற அதோட பங்காளிப் புல் ஒண்ணையும் சேர்த்து, ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊர்ல உருவாக்கி 1960ல வெளியிட்டாங்க.

எங்க ஊரு கோவில்பட்டிப் பக்கம். கரிசல். அங்கே அருகு ஒரு களை. ஒரு கணு மண்ணுல கிடந்தாப் போதும், அடுத்த மழைக்குக் காடு பூரா ஓடிரும். எங்கப்பா ஆயுசுல பாதியை அருகும் கோரையும் பிடுங்கியே கழிச்சவர். அவரோட பையன் டாலர் கொடுத்து அருகு வாங்கி, அது செத்துப்போச்சுன்னு நோட்டீஸும் வாங்கினான். காலக்கொடுமை.

நோட்டீஸ் கொடுத்தது எங்க குடியிருப்போர் சங்கம், 2022 ஏப்ரல்ல. வாசல் புல்தரை பாதிக்கு மேல மொட்டையா இருக்கு, 30 நாள்ல சரி பண்ணு, இல்லாட்டி அபராதம். 2019ல வீடு வாங்கினப்ப பச்சைக் கம்பளமா இருந்தது. வருஷா வருஷம் தேய்ஞ்சுக்கிட்டே வந்தது. தண்ணி விட்டா மேல நிக்கும், இல்லேன்னா தெருவுக்கு ஓடும். வெயில் வந்தா பாளம் பாளமா வெடிக்கும். இங்கே இந்த மண்ணுக்கு 'பிளாக் கம்போ'ன்னு பேரு. கம்போங்கிறது லூசியானா பக்கத்துக் கொழகொழ சூப். மழையில ஒரு தடவை நடந்து பார்த்தா பேருக்கான காரணம் செருப்புல ஒட்டிக்கிட்டு வரும், ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு கிலோ வீதம்.

அப்பா அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் வந்திருந்தார். அம்மா 2020ல தவறினதுல இருந்து அவர் காட்டுப் பக்கமே போறதில்லை. நாலு ஏக்கரும் தரிசாக் கெடந்து, சீமைக்கருவேலம் ஏறிப்போச்சு. சோலார் பேனல் போட இடம் தேடி அலையற புரோக்கர் ஒருத்தர் வாரத்துக்கு ரெண்டு தரம் போன் பண்ணுவார். "வித்துரலாம்னுதான் இருக்கேன்"னு அப்பா சொல்லுவார். சொல்லிட்டு டிவியைப் பார்ப்பார். டிவியில ஓடறது இங்கிலீஷ் வானிலை அறிக்கை. ஒரு மாசமா இப்படியே.

நோட்டீஸைப் படிச்சு அர்த்தம் சொன்னப்பதான் மனுஷன் நிமிர்ந்து உக்கார்ந்தார். "அருகம்புல்லு வரலைன்னு கவர்மெண்டுல இருந்து காயிதமா?" கவர்மெண்டு இல்லப்பா, சங்கம். "ஒரு மம்பட்டி இருந்தா எடு."

மம்பட்டிக்கு எங்கே போறது. கராஜ்ல இருந்த ஷவலைக் கொடுத்தேன். வாசல்ல ஒரு சதுர அடி தோண்டினார். மேல ரெண்டு அங்குலம், புல்லோடயே லாரியில வந்த மணல்சாரி மண். அதுக்குக் கீழ வெளிறின களி, இடையிடையே வெள்ளைச் சுக்கான், ஒரு உடைஞ்ச ஓட்டுத்துண்டு. வேர் எல்லாம் அந்த ரெண்டு அங்குலத்துக்குள்ளயே படுக்கையா ஓடியிருக்கு. களியில ஒண்ணுகூட இறங்கலை. பாய் மாதிரி சுருட்டி எடுத்துடலாம்.

"இது கரிசல் இல்லய்யா. கரிசலுக்கு அடியில கெடக்கிற மண்ணு. மேல் மண்ணை எங்க கொண்டு போனானுவ?"

சரியான கேள்வி. வீடு கட்டறப்ப புல்டோசர் விட்டு மேல் மண்ணை வழிச்சு, தரையை மட்டம் பண்ணி, சிமெண்ட் லாரிங்க மாசக்கணக்கா ஏறி இறங்கி, கடைசியில அந்த இறுகின தரை மேலயே புல்லை விரிச்சுட்டுப் போயிடுவாங்க. புல் ஒரு வருஷம் வண்டி ஓட்டும். அப்புறம் திணறும்.

கொஞ்ச நேரத்துல அப்பாவைக் காணோம். தெருக்கோடியில ஓடையை ஒட்டி வீடு கட்டாத துண்டு இடம் ஒண்ணு இருக்கு. அங்கே போயி ரெண்டு கைக்கும் கருகருன்னு மண்ணை அள்ளிக்கிட்டு வந்தார். "இந்தா, இதுதான் கரிசல். நம்ம காட்டு மண்ணேதான்!" அமெரிக்கா வந்து முப்பத்து சொச்சம் நாள்ல அவர் சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

அவர் சொன்னது பாசத்துல சொன்னதில்லை, நிஜம். மண் அறிவியல்ல ரெண்டுக்கும் ஒரே பேரு, வெர்டிசால். டாலஸுக்கு வடக்கே தொடங்கி சான் அன்டோனியோ வரைக்கும் போற கருமண் பட்டையில முக்கியமான ரகம் ஹூஸ்டன் பிளாக். சுமார் 15 லட்சம் ஏக்கர். டெக்சாஸோட மாநில மண்ணும் அதுதான் (ஆமா, மாநிலப் பூ, மாநிலப் பறவை மாதிரி மாநில மண்ணும் இருக்கு). ரெண்டு இடத்துலயும் பாதியளவு களி. அதுவும் ஸ்மெக்டைட்ங்கிற வகை. ரொம்ப மெல்லிசான தகடு தகடா அடுக்கியிருக்கும். தண்ணி அந்தத் தகடுகளுக்கு நடுவுல புகுந்தா மண் உப்பும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். மேல் மண்ணு பொடிஞ்சு வெடிப்புக்குள்ள விழும், அடுத்த மழைக்கு உள்ளேயிருந்து பிதுங்கி மேல வரும். மெதுவா தன்னைத்தானே புரட்டிக்கும். வெர்டிசால்ங்கிற பேருக்கே 'புரட்டு'ங்கிற லத்தீன் சொல்லுதான் வேர். அப்பா பாஷையில, "தன்னை உழுதுக்கிற மண்ணு".

ரெண்டும் பருத்தி விளைஞ்ச பூமி, ரெண்டுலயும் அடியில சுண்ணாம்பு. கி.ரா. படிச்சுக் கரிசல் மேல ஆசை வச்சவங்க யாராவது டாலஸ் வந்தா, ஓடைக்கரைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டின வெள்ளைக்காரர், அப்பா கையில மண்ணோட நிக்கிறதைப் பார்த்துட்டு வேலி ஓரமா வந்தார். அவரோட தாத்தா இங்கிருந்து கிழக்கே கிரீன்வில் பக்கம் பருத்தி போட்டவராம். இவர் ஒரு கட்டியை எடுத்து நசுக்க, அப்பா ஒரு கட்டியை எடுத்து நசுக்க, ரெண்டு பேரும் மோந்து பார்த்துத் தலையாட்டிக்கிட்டாங்க. நான் மொழிபெயர்க்கப் போனேன், தேவைப்படலை. அப்புறமா கொஞ்சம் சங்கடத்தோட அவர் ஒண்ணு சொன்னார். கிரீன்வில்லோட முக்கியத் தெருவுல 1921ல இருந்து ஒரு பலகை தொங்குச்சாம்: மண்ணு கன்னங்கரேல், மனுஷங்க வெள்ளை வெளேர்ங்கிற மாதிரி வாசகம். 1960கள்லதான் கழட்டியிருக்காங்க. மண்ணு கறுப்பா இருக்கிறதுல பெருமை, அதுல பருத்தி எடுத்தவங்கள்ல பலபேரு கறுப்பா இருந்தது கணக்குலயே வரலை. இதை அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். "நம்ம ஊர்ல பலகை வைக்கலை, அம்புட்டுத்தான்"னார்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

களிமண் லானுக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவாங்க. முதல் வைத்தியம் மணல். களியில மணல் கலந்தா இளகும்னு. ஆபீஸ்ல மூணு பேரு சொன்னாங்க. நம்பாதீங்க. களியோட குணமே மாறணும்னா மண்ணுல பாதிக்கு மேல மணல் இருக்கணும். வாசலையே பெயர்த்தெடுத்தாத்தான் முடியும். கொஞ்சமா கலந்தா மணலுக்கு நடுவுல இருக்கிற சந்தையெல்லாம் களி அடைச்சுக்கிட்டு முன்னைவிட இறுகிப் போகும். செங்கல் சூளையில வேலை பார்த்தவங்ககிட்ட கேளுங்க.

ரெண்டாவது வைத்தியம் ஜிப்சம். இது முழுப்பொய் இல்லை, இடம் தெரியாத உண்மை. உப்பேறின களர் நிலத்துல களித்துகளைப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது சோடியம். அதைத் தள்ளிட்டு ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் உக்காரும், மண் இளகும். நம்ம ஊர்லயும் களருக்கு ஜிப்சம்தான் போடுவாங்க. ஆனா இங்கே பிரச்சினை சோடியம் இல்லையே. வீட்டுலயே பார்க்கலாம். காய்ஞ்ச மண்ணுல கொஞ்சம் வினிகர் விடுங்க. எங்க வீட்டு மண்ணு சோடா மாதிரி பொங்குச்சு. அவ்வளவு சுண்ணாம்பு, அதாவது கால்சியம், ஏற்கனவே உள்ள இருக்கு. அதுக்கு மேல ஜிப்சம் போடறது திருப்பதிக்கே லட்டு அனுப்புற கதை.

ஊகம் வேண்டாம்னு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோட மண் பரிசோதனைக் கூடத்துக்கு (காலேஜ் ஸ்டேஷன் ஊர்ல இருக்கு) ஒரு பை மண்ணைத் தபால்ல அனுப்பினேன். வந்த ரிப்போர்ட்: பிஹெச் 8.1, கால்சியம் எக்கச்சக்கம், பொட்டாசியம் தேவைக்கு மேல, சோடியம் குறைவு, நைட்ரஜன் கிட்டத்தட்ட பூஜ்யம். கந்தகம் போட்டு பிஹெச்சைக் குறைக்கிற வேலையும் இங்கே ஆகாது. இத்தனை சுண்ணாம்பு இருக்கிற மண்ணு எவ்வளவு போட்டாலும் விழுங்கிட்டு மறுபடி எட்டுக்கே வந்து நிக்கும். ரிப்போர்ட்டை இணைச்சு, மண்ணையே சரி பண்ணப் போறேன், ஜூன் கடைசி வரை அவகாசம் வேணும்னு சங்கத்துக்கு மெயில் போட்டேன். கொடுத்தாங்க.

ஆக, இந்த மண்ணுக்குச் சத்து பஞ்சமில்லை, தண்ணியைப் பிடிச்சு வைக்கிற சக்திக்கும் குறைச்சல் இல்லை. இல்லாதது ரெண்டே ரெண்டு: காத்து, மக்கு. பருத்திக்கு முன்னாடி இங்கே இருந்தது பிரெய்ரி புல்வெளி. ஆளுயரப் புல், அதே ஆழத்துக்கு வேர். அந்த வேரெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் உள்ளேயே செத்து மக்கித்தான் மண்ணு அவ்வளவு கறுப்பாச்சு. இன்னிக்கு அந்தப் புல்வெளியில நூத்துல ஒரு பங்குகூட மிச்சமில்லை. புல் வளர்றதுக்குன்னே பிறந்த மண்ணுல புல் வரலைன்னா, குறை மண்ணுல இல்லை, மேல ஏறின புல்டோசர்ல.

காத்துக்கு ஏரேஷன். வாடகைக்கு ஒரு மெஷின் கிடைக்குது, ரோடு ரோலரோட தம்பி மாதிரி. அதுல இருக்கிற குழாய்ங்க தரையில குத்தி, விரல் மொத்தத்துக்கு ரெண்டு மூணு அங்குல நீளத்துல மண்ணை உருவி வெளிய போட்டுட்டுப் போகும். ஆணி வச்ச செருப்பு, முள்ளு உருளை எல்லாம் வாங்கிடாதீங்க. அது ஓட்டை போடுறதுக்காகச் சுத்தி இருக்கிற களியை இன்னும் நெருக்கும். மண்ணை வெளிய எடுக்கணும், அதுதான் விஷயம்.

மே மாசம் ஒரு சனிக்கிழமைக்கு மெஷின் பதிவு பண்ணியிருந்தேன். வியாழக்கிழமை மழை. சனிக்கிழமை காலையில அப்பா வாசல்ல குத்த வச்சு உக்கார்ந்து ஒரு பிடி மண்ணை உருட்டினார். கட்டை விரலால தேய்ச்சார். வழுவழுன்னு நாடா மாதிரி வந்தது. "பதம் இல்லை. இன்னிக்கு இதுல கால் வச்சா வருஷம் பூரா பேசும்." வாடகைப் பணம் போயிடும்னு சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை, காப்பி குடிக்க உள்ளே போயிட்டார். கடைக்காரர் நல்ல மனுஷன், தேதி மாத்திக் கொடுத்தார்.

அடுத்த மூணு நாளும் காலையில உருட்டல். செவ்வாய்க்கிழமை உருண்டையை விரலால தட்டினப்ப உடைஞ்சு உதிர்ந்தது. "இப்ப ஓட்டு." ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு ஓட்டினேன், வடக்கு தெற்கா ஒரு தரம், கிழக்கு மேற்கா ஒரு தரம். முந்தின சனிக்கிழமை வேறொரு தெருவுல அதே மாதிரி மெஷினை ஈரத்துல ஓட்டினாங்க. குழாயெல்லாம் களி அடைச்சு, வாசல் பூரா சக்கரத் தடம். அந்தத் தடம் ஆகஸ்ட் வரைக்கும் சிமெண்ட் மாதிரி நின்னுச்சு. களிமண்ணு பத்தி நான் படிச்ச எல்லாத்தையும் விட இந்த 'பதம்'தான் முக்கியம்னு இப்பவும் நினைக்கிறேன். ஈரத்துல தொட்டா இறுகும், காய்ஞ்சா மெஷினே இறங்காது. நடுவுல ரெண்டு மூணு நாள்தான் அது நம்மகிட்ட பேசும்.

மக்குக்கு கம்போஸ்ட். ஓட்டை போட்ட கையோட கால் அங்குலம் பரப்பணும். கணக்கு: ஆயிரம் சதுர அடிக்குக் கால் அங்குலம்னா முக்கால் க்யூபிக் யார்டு. எங்க வாசலும் கொல்லையும் சேர்த்து 3,000 சதுர அடி. ரெண்டரை யார்டு லாரியில வந்து டிரைவ்வேயில கொட்டிட்டுப் போச்சு. நல்லா மக்கினதா பாருங்க, சூடோ புளிச்ச வாடையோ இருந்தா திருப்பி அனுப்புங்க. அப்பா கையில அள்ளி மோந்துட்டு, "ஆட்டுக்கிடை போட்ட காடு மாதிரி இருக்கு"ன்னார். எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்ச காட்டுல ராத்திரி ஆட்டு மந்தையை அடைச்சு வைப்பாங்க, புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். அதை நாலு வருஷமா அவர் போடலை. பரப்பிக்கிட்டிருக்கும்போது அவரே சொன்னார், நான் கேக்கலை.

கம்போஸ்ட் பெரிய உரம்னு நினைச்சுப் போடாதீங்க. அதைத் தின்ன புழுவும் நுண்ணுயிரும் வரும். அதுங்க விடுற பசையில களித்துகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பொரிகடலை மாதிரி உருண்டையாகும். உருண்டைக்கு நடுவுல சந்து, சந்துல காத்து, காத்து இருந்தா வேர் இறங்கும், அந்த வேர் செத்தா மறுபடி மக்கு. அதனால ஒரு தரத்துல முடியாது. நாலஞ்சு வருஷ சமாச்சாரம். மூணே வாரத்துல பச்சைன்னு கடையில பாட்டில்ல விக்கிறவங்க பக்கம் நான் போறதில்லை.

தண்ணி விடறதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. எங்க பக்கம் வாரம் ரெண்டு நாளுக்கு மேல ஸ்பிரிங்க்ளர் போடக்கூடாது. ஒரே மூச்சா 20 நிமிஷம் போட்டா, களி முதல் ஏழெட்டு நிமிஷம் குடிக்கும், மிச்சம் சாக்கடைக்கு. அதனால மூணு தவணையா, ஏழு ஏழு நிமிஷம், நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி. முதல் தவணை மண்ணைத் திறக்கும், அடுத்த ரெண்டும் உள்ளே இறங்கும். வெட்டின புல்லை மூட்டை கட்டித் தூக்கிப் போடாம அங்கேயே விட்டுருங்க, அது ஓசி உரம்.

அந்த வருஷம் கோடை எப்படின்னு இங்கே இருக்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் தொடக்கத்துல இருந்து ரெண்டு மாசத்துக்கு மேல கணக்குல வர்ற மாதிரி மழையே இல்லை, பல நாள் நூறு டிகிரி. தெரு பூரா வெடிப்பு. ரெண்டு வீடு தள்ளி அஸ்திவாரம் இறங்கி கதவு சாத்த முடியலை. எங்க வீட்டுக்கு அப்பாதான் சுத்திலும் கசிவுக் குழாய் போட வச்சார். இங்கே எல்லாரும் செய்யறதுதான், வீட்டுக்குத் தண்ணி ஊத்துறது. அவருக்கு ஆச்சரியம் அதில்லை. "கரிசல்ல வானம் தோண்டாம மேலாப்புல காங்கிரீட் பலகையைப் போட்டு வீடு நிக்குதேய்யா!"

புல்? ஜூலையில வெளிறிச்சு, ஆனா சாகலை. ஆகஸ்ட் 21, 22ல ஒரே நாள்ல டாலஸ் விமான நிலையத்துல 9 அங்குலத்துக்கு மேல கொட்டுச்சு. ஊர்ல பல இடத்துல ரோட்டுல கார் மிதந்தது. விடிகாலையில அப்பா குடையோட வாசல்ல நிக்கிறார். எங்க வாசல்லயும் தண்ணி நின்னுச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா மத்தியானத்துக்குள்ள உள்ளே போயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஷவல் போட்டுப் பார்த்தோம். ஏரேஷன் ஓட்டை இருந்த இடத்துல எல்லாம் வேர் நாலு அங்குலம் இறங்கியிருக்கு. ஓட்டை இல்லாத இடத்துல பழைய கதைதான்.

செப்டம்பர்ல ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் மொத்தச் செலவு எவ்வளவுன்னு கேட்டார். மெஷின், கம்போஸ்ட், டெஸ்ட், குழாய் எல்லாம் சேர்த்து 400 டாலர் சொச்சம். "ரூவாயில சொல்லு." 31,000க்கு மேல. "எத்தனை செண்டு?" 3,000 சதுர அடின்னா ஏழு செண்டு. வாய்க்குள்ளயே கணக்குப் போட்டார். "ஏக்கருக்கு நாலரை லட்சம் ஆகுது. புரோக்கர் என் காட்டை மூணுக்குக் கேக்கான்." அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை, பெட்டி கட்டப் போயிட்டார்.

ஊருக்குப் போனதும் ரோட்டை ஒட்டின ரெண்டு ஏக்கரை வித்துட்டார். என்கிட்ட கேக்கலை, வித்தப்புறம்தான் சொன்னார். கண்மாய்ப் பக்கத்து ரெண்டு ஏக்கருக்கு அந்தப் பணத்துல ஜேசிபி விட்டு கருவேலத்தைத் தூரோட எடுத்து, 2023 கோடையில கிடை போட்டார். புரட்டாசியில உளுந்து விதைச்சார். முதல் வருஷம் மழை ஏமாத்திடுச்சு. அடுத்த வருஷம் பரவாயில்லை.

இங்கே நானும் வருஷா வருஷம் மே மாசம் மெஷினும் ரெண்டரை யார்டும். இப்ப வேர் ஆறு அங்குலம் வரைக்கும் போகுது, மழை முடிஞ்சா மண்புழு டிரைவ்வேக்கு வருது. தபால்பெட்டி பக்கத்துல நாலடிக்கு நாலடி இடம் மட்டும் இன்னும் மொட்டை. தோண்டினா முழுக்கச் சுக்கான். அதை அப்படியே எடுத்துட்டு ஓடைப்பக்க மண்ணைப் போடலாமான்னு போன்ல கேட்டேன். "சுக்கானை எதுக்கு எடுக்கே? கடப்பாரை வச்சு நாலு குத்து குத்தி எருவைப் போடு. பதம் பார்த்துக் குத்து"ன்னார். நேத்து மழை. வெள்ளிக்கிழமை வாக்குல உருட்டிப் பார்க்கணும்.